இல்லறம் என்று ஒரு பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்குக் கீழே பலகை வைத்து உயர்த்தச் சொன்னேனே, வைத்தீர்களா? நான் சொல்வதை யார்தான் கேட்கிறீர்கள்.

இனிமேல் கடிதத்தை இந்த வீட்டு விலாசத்துக்குப் போடாதீர்கள். தபால்காரர் எல்லாவற்றையும் கட்சி ஆபீசிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். போன கடிதத்தை நான் பிடுங்காத குறையாக வாங்க வேண்டியிருந்தது. அச்சாபீஸ் மாமா விலாசத்துக்கு எழுதுங்கள். நீங்கள் அவருக்குத் தங்கைமுறை என்பதை அவர் மறக்கவில்லை. புரூஃப் கட்டுக்கு நடுவே வைத்து என் கையில் கொடுத்துவிடுவார். என் கடிதத்தையும் அப்படியே வாங்கிப் போவார்.

என்ன புரூஃப் என்று கேட்பீர்கள். அத்தாவின் வாழ்க்கையைக் கட்சியில் புத்தகமாகப் போடுகிறார்கள். அவருக்கு அறுபது வயது ஆகிறதாம், தேர்தலும் வருகிறதாம். அத்தா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது, "ரெண்டு மாசந்தாம்மா, கண் ஆபரேஷன் முடிஞ்சதும் திரும்பப் போகலாம்" என்றார். இப்போது நாலு வருஷம். பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சட்டசபையில் அவர் பேசிய பேச்சைக்கூட நான்தான் பிரதி எடுத்தேன். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு சொல்வார். நேற்று சிறை அத்தியாயம். "பதினேழு நாள் இருட்டறையில்" என்றார். என் பேனா நின்றது. "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லத்தா" என்று பதினேழு என்றே எழுதினேன். எட்டு நாள்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கு டீ அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து நீங்கள் "எட்டு நாளுங்க" என்று சொன்னதற்குத்தானே அன்று அவர்கள் போன பிறகு மூன்று முறை தலாக் சொன்னார். எனக்குப் பதினொரு வயது. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறப்பு, கல்வி, சிறை, பொதுவாழ்வு, இல்லறம் என்று தலைப்புகள் போட்டிருக்கிறோம். இல்லறம் வந்ததும், "அத அப்பறம் பாக்கலாம்" என்றார். அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

உங்கள் ஊமச்சி


ஜனவரி 21

என் செல்ல ஊமச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பலகை வைத்துவிட்டேன். இப்போது முட்டி வலிக்கவில்லை, முதுகு வலிக்கிறது. உன் யோசனைக்கு நன்றி.

அறுபதா? என்னைக் கட்டும்போது முப்பத்தைந்து என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷந்தான் ஆகிறது. நீயே கூட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள். நம் வீட்டில் கணக்குச் சொன்னவள் கதி உனக்குத் தெரியும்.

பொதுவாழ்வு அத்தியாயத்தில் அந்த முதல் கூட்டத்தைப் பற்றி என்ன சொன்னார்? ஆஸ்பத்திரியை மூடக்கூடாது என்று பேசிய கூட்டம். பள்ளிவாசலில் நின்றால் ஒரு மணி நேரம் கண்ணீர் வரப் பேசுவார், தெருமேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். துணிச் சுருளுக்குள் வருமே அட்டை, அதில் நான்தான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆறு அட்டை. ஐந்தாவது அட்டை தலைகீழாகப் போய், பாதியில் திணறினார். கூட்டம் அவர் அழுகிறார் என்று நினைத்தது. அன்றைக்குத்தான் தலைவரானார்.

இதைப் புத்தகத்தில் போடச் சொல்லவில்லை. உனக்குச் சொன்னேன். சிரிக்கத்தான்.

ஒழுங்காகச் சாப்பிடு. விளக்குக்கு எதிரே உட்கார்ந்து எழுதாதே, பக்கவாட்டில் உட்கார். உன் கண்ணும் போய்விட்டால் அவருக்கு யார் எழுதுவது?

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

சலாம். ஐந்தாவது அட்டையை நினைத்து நேற்று வெந்நீர் ஊற்றும்போது சிரித்துவிட்டேன். அத்தா, "யாரு, என் ஊமையா சிரிக்கிறது?" என்று கேட்டுத் தானும் சிரித்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி, "குறிப்பு ஏதுமின்றி உள்ளத்திலிருந்து பேசினார்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

நீங்கள் அவரைக் கேலி செய்கிறீர்கள். ஆனால் அவரிடம் வேறொன்றும் இருக்கிறது அம்மா. போன வாரம் சாக்கடை அள்ளும் ஒருவர் செத்துப்போனார். யாரும் பக்கத்தில் போகவில்லை. அத்தா போய்த் தன் கையால் குளிப்பாட்டினார். பத்திரிகைக்காரரைக் கூட்டிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர் பொய் சொல்கிறாரா, நிஜம் சொல்கிறாரா என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இல்லறம் பக்கத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். மைக் மாமா இருந்தார். அதுதான், எந்தக் கூட்டத்திலும் முதலில் வந்து மைக்கைத் தட்டிப் பார்ப்பாரே, இப்போது அவர்தான் செயலாளர். "அந்த எடத்த அப்படியே விட்டா எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடமாட்டான் ஹஜ்ரத். இப்பவே கண்டதயும் பேசுறான்" என்றார். அத்தா என்னைப் பார்த்து, "நீயே நாலு வரி எழுதிடும்மா. உனக்குத் தெரியாதா?" என்றார்.

கண்டதையும் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மகளிர் பிரிவுக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இதுதான் ஓடிப்போனவ மக" என்றாள். நான் தம்ளர்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என்ன எழுதட்டும்? பக்க புரூஃப் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வரும். அதற்குள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை எழுதுகிறேன்.

உங்கள் ஊமச்சி


பிப்ரவரி 11

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இங்கே வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒருவர் இருக்கிறார். மனைவி மௌத்தாகி மூன்று வருஷம். ஐந்து வயதில் ஒரு மகள். அவள் பாவாடைக்கு அளவெடுக்க வந்தவர், பாவாடை முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். போன மாதம் நேராகவே கேட்டார். "எனக்குப் பேசத் தெரியாதுங்க. கடிகாரத்தோடயே இருந்துட்டேன்" என்றார். பேசத் தெரிந்தவரோடு இருந்து பார்த்துவிட்டேன், இதைப் பார்க்கலாம் என்று தோன்றியது. சரி என்றேன். அந்தப் பெண் இப்போதே என்னை அம்மா என்கிறாள். என் மடியில்தான் தூங்குகிறாள்.

ஆனால் இங்குள்ள ஜமாஅத்தில் நிக்காஹ் பதிய மாட்டேன் என்கிறார்கள். "தலாக் ஆன சீட்டு எங்க?" என்கிறார்கள். சீட்டுக்கு நான் எங்கே போவேன்? உன் அத்தா வாயால் சொன்னார், பதிவேட்டில் எழுதவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அவர், பதிவேடும் அவர் கையில்தானே இருந்தது. இரண்டு வருஷமாக எழுதிக் கேட்கிறேன், ஆபீசிலிருந்து பதில் இல்லை. அச்சாபீஸ் அண்ணன் விசாரித்துச் சொன்னார், தலைவர் மனைவியைத் தள்ளிவைத்தார் என்று எழுத்தில் இருக்கக் கூடாதாம்.

இங்குள்ள ஜமாஅத் தலைவருக்கு உன் அத்தா என்றால் உயிர். "ஹஜ்ரத் புத்தகத்துல ஒரு வரி இருந்தாக்கூடப் போதும், பதிஞ்சிடலாம்" என்றார்.

எனவே கேட்கிறேன். என்னைப் புகழ வேண்டாம். அட்டையைப் பற்றி வேண்டாம். "இன்னாரை மணந்தார், இன்ன வருஷம் மணவிலக்கு ஆனது." இவ்வளவுதான். உன் எழுத்தில் ஒரே வரி.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் உன்னையும் இங்கே கூட்டிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். தங்கமான மனிதர்.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

சலாம். உங்கள் கடிதமும் பக்க புரூஃபும் சனிக்கிழமை ஒரே கட்டில் வந்தன. அன்றைக்கே அந்தப் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். அத்தா படிக்கச் சொல்லிக் கேட்டார். மாற்றம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களைப் பற்றி வரி இருக்கிறது.

அந்தப் பிள்ளையை நீங்கள் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?

வேலை நிறைய இருக்கிறது.

ஊமச்சி


மார்ச் 18

மகளுக்கு,

நேற்று ஜமாஅத் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். புத்தகம் வந்துவிட்டதாம். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். வாட்ச்காரர் மகளுக்குத் தலை வாரி, கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவரும் கடையை மூடிவிட்டு வந்தார்.

ஜமாஅத் தலைவர் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்திருந்தார். நாற்பத்தோராம் பக்கம். "படிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக நீ என்றார். தெரியும் என்றேன். "அப்ப வாய்விட்டுப் படி."

படித்தேன். "ஹஜ்ரத் அவர்களின் துணைவியார் மூன்று நாள் காய்ச்சலில் மறைந்தார். அன்று முதல் தாயும் தந்தையுமாக இருந்து ஒரே மகளை வளர்த்தார்."

"அவங்க மௌத்தாயி ஆறு வருஷமாச்சு. நீ யாரு?" என்றார். நான்தான் அது என்றேன். அங்கிருந்த முதியவர் ஒருவர், "செத்த பொம்பள பேர வச்சுப் பொழைக்க வந்தியா? ஹஜ்ரத் மேலயே கைய வைக்கிறியா?" என்று எழுந்தே விட்டார். இன்னொருவர், "சரி, மௌத்தாயிட்டீங்க. கபுருக்குழிக்குள்ள என்னம்மா விசாரிச்சாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்தார். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள்.

வாட்ச்காரர் எழுந்து, "நான் இவங்கள நம்புறேன்" என்றார். "நீ நம்பு. பதிவேடு நம்பாது" என்று முடித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்து தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருத்தி, பாதி தைத்த ரவிக்கைக் கையை அப்படியே பிய்த்து எடுத்துப் போனாள். வீட்டுக்காரர் இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்.

உன் அத்தா உன்னை மிரட்டி எழுத வைத்தாரா? அடித்தாரா? உண்மையைச் சொல். நான் உன்மேல் கோபப்பட மாட்டேன்.

அம்மா


மார்ச் 27

அம்மாவுக்கு,

அத்தா மிரட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லவே இல்லை. நான்தான் எழுதினேன்.

காரணம் சொல்கிறேன். மணவிலக்கு என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் ஓடிப்போனவள் என்பார்கள். மௌத்தானவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்று அத்தா எத்தனை பள்ளிவாசல் பயானில் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் நான்தான் எழுதியிருக்கிறேன். மௌத் என்று எழுதிவிட்டால் இனி ஒருவரும் உங்களைப் பற்றி வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். அதுதான் நடந்தது.

வெளியீட்டு விழாவில் நான் பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் இருந்தேன். மைக் மாமா அந்தப் பக்கத்தை மேடையில் வாசித்தார். அத்தா பேச எழுந்து, பேச முடியாமல் அழுதார். நடிப்பில்லை அம்மா, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கையேந்தி உங்கள் பாவங்களை மன்னிக்கச் சொல்லி துஆ கேட்டார். பத்தாயிரம் பேர் ஆமீன் சொன்னார்கள். ஓடிப்போனவள் மகள் என்று சொன்னாளே, அவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "தாயில்லாப் புள்ள" என்று அழுதாள். எனக்குத் தன் கையால் ரொட்டி ஊட்டினாள். நானும் அழுதேன்.

உங்கள் ஊரில் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

ஊமச்சி


ஏப்ரல் 6

மகளுக்கு,

உன் அத்தா எழுதச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மௌத்தானவர்களை மதிப்பது, பயான், இதெல்லாம் நீ அப்புறம் தைத்த ஒட்டு. என் கடிதமும் அந்தப் பக்கமும் ஒரே கட்டில் வந்தன, அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு மாதத்துக்கு மேல் வெறுமையாக இருந்த பக்கம். ஓடிப்போனவள் என்று அவர்கள் சொன்னபோது நீ என்னைக் கொல்லவில்லை. ஒரு குழந்தை என் மடியில் தூங்குகிறது என்று படித்த பிறகுதான் கொன்றாய். "ஒரே மகளை" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் நீ செய்தது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் சொன்னேன்.

அச்சாபீஸ் அண்ணன் எழுதியிருந்தார், முதல் பதிப்பு தீர்ந்து இரண்டாம் பதிப்புக்கு புரூஃப் வருகிறதாம். மறுபடி உன் கைக்குத்தான் வரும். திருத்து. "தவறுதலாக அச்சானது" என்று ஒரு வரி போதும். வாட்ச்காரர் இன்னும் காத்திருக்கிறார். அவர் கடைக்கும் ஆள் வருவது நின்றுவிட்டது, அப்படியும் காத்திருக்கிறார். நான் இதுவரை உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

அம்மா


மே 4

அம்மாவுக்கு,

திருத்தினேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் திருத்தினேன். இரண்டு வரியையும் அடித்துவிட்டு ஓரத்தில், "மணவிலக்கு ஆனது, நலமாக இருக்கிறார்" என்று எழுதினேன்.

அத்தா இந்த முறை பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னார். அந்த இடம் வந்ததும் நான் உள்ளதைப் படித்தேன். குரல் நடுங்கியது. அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். தலையில் கை வைத்தார்.

"முன்ன எழுதுனது யாரு?"

"நான்தான் அத்தா."

"நான் சொல்லி எழுதுனியா?"

"இல்ல."

"பத்தாயிரம் பேரு கையேந்துனாங்களே. இப்ப அவங்க கேட்ட துஆவுக்கு என்ன பதில் சொல்லுவ? ஒன்னயத் தாயில்லாப் புள்ளன்னு ஊட்டி விட்டாங்களே, அவங்க மூஞ்சில எப்படி முழிப்ப?"

பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது?

"அவ மௌத்துன்னு நீ எழுதுன பெறகுதாம்மா எனக்கே மனசு லேசாச்சு. ஆறு வருஷமா அவ எங்கயோ உக்காந்து எட்டு நாளு, எட்டு நாளுன்னு சொல்லிட்டே இருக்குற மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு பேனாவை என் கையில் கொடுத்தார். நான் எழுதியதை நானே அடித்தேன். பழைய வரிகளை மறுபடி எழுதினேன்.

மைக் மாமா, "கபுரு எங்க இருக்குன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க, போய் ஜியாரத் செஞ்சு துஆ ஓதணுமாம். ஒரு ஊர் பேரு போட்டுட்டா நல்லது" என்றார். அத்தா என்னைப் பார்த்தார். எனக்கு ஒரே ஒரு தூரத்து ஊரின் பெயர்தான் தெரியும், கடித உறையில் எழுதி எழுதிப் பழகிய பெயர். அதையே எழுதிவிட்டேன்.

அத்தா, "உனக்கு எழுத்து வந்துருச்சும்மா" என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் எங்காவது போய்விட்டால்கூடப் பரவாயில்லை, விலாசம் மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ஊமச்சி


ஜூன் 2

ஊமச்சிக்கு,

போன வாரம் பேருந்தில் நாற்பது பேர் கபர் தேடி வந்தார்கள். கையில் புத்தகம் இருந்தது. வீட்டுக்காரரிடம் தவணை கேட்டு இன்னும் அங்கேதான் இருந்தேன், ஒரு பெண் என் வாசலிலேயே நின்று வழி கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அல்லா ஒங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் கிடைத்த ஒரு பழைய கபர்மேல் பச்சைத் துணி போர்த்திவிட்டுப் போனார்கள். யாருடையதோ.

நாங்கள் ஊர் மாறிவிட்டோம். விலாசம் கேட்டாய். தர மாட்டேன். கோபத்தில் இல்லை. காரணத்தைக் கேள்.

புது ஊரில் பதிவேட்டை வைத்துக்கொண்டு இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ரெண்டாங் கல்யாணமா? அப்ப பழைய தலாக் சீட்டு வேணும். இல்ல மௌத்துச் சீட்டு வேணும்" என்றார். வாட்ச்காரர் என்னைப் பார்த்தார். என்னிடம் தலாக் சீட்டு இல்லை. மௌத்துச் சீட்டுக்குப் பதில் உன் புத்தகம் இருக்கிறது, ஆனால் அதில் மௌத்தானது நான்.

ஆகவே முதல் கல்யாணம் என்று சொன்னேன். முதல் கல்யாணத்துக்குச் சீட்டு ஒன்றும் கேட்பதில்லை. "நாப்பது வயசுலயா?" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்தேன். அல்லாஹ்வுக்கு முன்னால் பொய் சொல்கிறேன் என்று தெரியும். உன் அத்தாவிடமும் உன்னிடமும் கற்றுக்கொண்டேன், சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

எல்லாம் எழுதி முடித்தவர் கடைசியில் வழக்கம்போல ஒன்று கேட்டார். "மாப்பிள்ளைக்கு ஒரு மக இருக்கு, எழுதியாச்சு. உங்களுக்குப் புள்ளைங்க?"

முதல் கல்யாணம் என்று சொன்னவளுக்குப் பிள்ளை இருக்க முடியாது. இல்லை என்றேன். அவர் ஒரு கோடு போட்டார். கைநாட்டு வைப்பீர்களா என்று கேட்டார். கையெழுத்தே போடுவேன் என்று போட்டேன்.

இதை எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கீழே என்ன உறவு சொல்லிக் கையெழுத்துப் போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். பிள்ளை இல்லை என்று பதிவேட்டில் சொன்னதற்கு மாறாக இனி ஓரிடத்திலும் எழுத முடியாது, விலாசமும் தர முடியாது. இத்தோடு நிறுத்துகிறேன்.